மூன்றாவது பங்கு

மாதிரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.
ஒன்று ஆய்வகத்துக்கு,
ஒன்று விற்றவருக்கு,
ஒன்று அரக்கு முத்திரையோடு என் இரும்பு அலமாரிக்கு.
சாயல்குடிச் சந்தையின்
புரட்டாசி வெயிலில்
அரக்கு தானாகவே இளகிக்கொண்டிருந்தது.

சேதுபாக்கியம் கேட்டாள்:
"என் வித்த என்கிட்டயே தர்றதுக்கு
எதுக்கும்மா கையெழுத்து?"

இருபது வருடமாகக்
கொட்டாங்குச்சியில் அளந்து
குண்டு மிளகாய் விதை விற்றவள்.
அப்போதெல்லாம் சட்டத்தின் கண்ணில்
அவள் படவே இல்லை.
மருமகள் ரூபவதி
பரமக்குடி போய் லேபிள் அடித்து வந்தாள்.
சிவப்பு எழுத்தில் 'பாக்கியம் குண்டு',
கீழே செல்போன் நம்பர்.
பெயர் வந்தது.
பின்னாலேயே நானும் வந்தேன்.

உரிமம் எங்கே,
குவியல் எண் எங்கே,
காலாவதி நாள் எங்கே என்று
நான் கேட்கக் கேட்க
அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
எல்லாம் பின்பக்கத்தில்
இருந்துவிடக் கூடும் என்பதுபோல.

என் பக்கமும் ஒன்று உண்டு.
போன வருடம் நரிப்பையூரில்
பழைய விதைக்குச் சாயம் தோய்த்து
ஒட்டு ரகம் என்று விற்றவனை
இதே படிவத்தால்தான் மடக்கினேன்.
முப்பத்தொரு பேர்.
காய்க்காத செடிகளை வேரோடு பிடுங்கி வந்து
என் மேசையில் வைத்தார்கள்.
அந்த மண் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.
அன்று ஒவ்வொரு பிரிவும்
எனக்கு மனப்பாடம்.

அதே வருடம்
அட்டை கட்டிய, எல்லாம் சரியாக இருந்த விதை
ஒப்பிலான் பக்கம் கருகியது.
கிணற்றில் உப்பு ஏறிவிட்டது.
அதை எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
சேதுபாக்கியத்தின் செடி மட்டும்
வாடைக் காற்றின் உப்புக்கு இலை சுருட்டி
மழை விழுந்ததும் விரித்ததாம்.
கேள்விப்பட்டதுதான். சாட்சியம் ஆகாது.

பரமக்குடியிலிருந்து முடிவு வந்தது.
முளைப்புத் திறன் ஐம்பத்தெட்டு.
வேண்டியது அறுபது.

தடை ஆணையோடு போனபோது
மூக்கையூர் ஜெசிந்தா அங்கே நின்றிருந்தாள்,
கிழிந்த வலையை வேலியில் கட்டிப்
பீர்க்கு ஏற்றுகிறவள்.
"அப்ப பீர்க்கையும் நிப்பாட்டிருவீகளோ?"
பீர்க்குக்கு லேபிள் இல்லை.
மாட்டேன் என்றேன்.
என்னவோ வரம் கொடுத்தவள்போல் ஆகிவிட்டேன்.

சேதுபாக்கியம் ஆணையை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
"நூத்துக்கு ரெண்டுதானே கொறையுது?
நான் அள்ளும்போதே
ஒரு புடி கூடத்தானே போடுறேன்?"

கொசுறைக் கணக்கில் சேர்க்க
விதி இடம் தரவில்லை.
அன்றிரவு உட்கார்ந்து
உண்மையாகவே தேடிப் பார்த்தேன்.

அடுத்த சந்தையில்
ரூபவதி லேபிள்களின் பின்பக்கத்தில்
கடன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.
கொட்டாங்குச்சி திரும்ப வந்திருந்தது.
"சொந்தக் கொல்லையில வெளைஞ்சது, பேருமில்ல.
இப்பக் குத்தமில்லையே?"

சட்டப்படி, இல்லை.

பத்து ரூபாய் கொடுத்தேன்.
குவார்ட்டர்ஸ் மாடியில்
ஒரு பெயிண்ட் வாளி சும்மா கிடக்கிறது.
அவள் விதையைச் செய்தித்தாளில் கொட்டினாள்,
மடிக்கப் போனாள், நிறுத்தினாள்,
பிறகு என் கண்ணைப் பார்த்தபடியே
இன்னும் இரண்டை
எண்ணிப் போட்டாள்.

பேருந்தில் பிரித்துப் பார்த்தேன்.
'மணமகள் தேவை' விளம்பரத்தின் மேல்
மஞ்சளாக, தட்டையாக,
யாருடையது என்று சொல்லாமல் கிடந்தன.
அலமாரியில் அரக்குக்குள் இருக்கும் மூன்றாவது பங்கும்
இதுவும்
ஒரே பழத்தினுடையதாக இருக்கலாம்.

கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.
மூடச் சொன்னேன்.